இருமல் நின்றாலும் மருந்தை நிறுத்தக் கூடாது: காசநோயாளியின் குடும்பத்தினர் அறிய வேண்டியவை

மும்பை: தாராவியின் குறுகிய சந்துகளில் வசிக்கும் பல தமிழ்க் குடும்பங்களுக்குக் காசநோய் புதியதன்று. உறவினர், அண்டை வீட்டார், உடன் வேலை செய்பவர் என யாரேனும் ஒருவர் அந்நோய்க்கு மருந்து உண்டதை அவர்கள் அறிந்திருப்பர். ஆயினும், தம் வீட்டிலேயே ஒருவருக்கு நோய் உறுதியாகும்போது இரண்டு தவறுகள் திரும்பத் திரும்ப நிகழ்கின்றன. நோயாளி குணமடையத் தொடங்கியதும் மருந்தை நிறுத்திவிடுவது ஒன்று. நோயை வெளியே சொல்லாமல் மறைப்பது மற்றொன்று. முதல் தவறு நோயாளியின் உயிரையும், இரண்டாவது தவறு வீட்டிலுள்ள குழந்தைகளின் நலத்தையும் பாதிக்கிறது.

உலகின் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியாவில் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. மும்பை மாநகரில் மட்டும் அண்மை ஆண்டுகளில் ஆண்டுக்குச் சுமார் 60 ஆயிரம் பேர் காசநோயாளிகளாகப் பதிவாகின்றனர். மக்கள் நெருக்கம், காற்றோட்டமற்ற வீடுகள், ஊட்டச்சத்துக் குறைபாடு, மருந்துக்குக் கட்டுப்படாத கிருமி ஆகியவை ஒன்றுசேர்ந்திருப்பதே இந்நகரின் நிலையைக் கடினமாக்குகிறது.

இருப்பினும், உரிய காலத்தில் கண்டறிந்து முழுமையாக மருந்து உட்கொண்டால் காசநோய் குணமாகக் கூடியது. அதற்குக் குடும்பத்தினர் செய்ய வேண்டியவை எவை என்பதை மருத்துவ வல்லுநர்களின் அறிவுரைகளும், இந்தியாவிலேயே நடந்த ஆய்வுகளும் தெளிவுபடுத்துகின்றன.

எப்போது ஐயம் கொள்ள வேண்டும்?

இரண்டு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் இருமல், மாலை நேரக் காய்ச்சல், இரவில் வியர்த்தல், பசியின்மை, காரணமின்றி எடை குறைதல், சளியில் இரத்தம், நெஞ்சுவலி ஆகியவை முக்கிய அறிகுறிகளாகும். இவை அனைத்தும் ஒருவரிடம் ஒன்றாகத் தோன்ற வேண்டும் என்பதில்லை. இரண்டு வார இருமல் ஒன்றே பரிசோதனைக்குப் போதிய காரணம்.

காசநோய் நுரையீரலை மட்டும் தாக்குவதன்று. கழுத்தில் தோன்றும் நெறிக்கட்டி, நீண்ட நாள் முதுகுவலி, வயிற்றில் நீர் கோத்தல், காய்ச்சலுடன் கூடிய தொடர் தலைவலி ஆகியவையும் அந்நோயின் அடையாளங்களாக இருக்கலாம். நுரையீரலுக்கு வெளியே உள்ள காசநோய் பொதுவாகப் பிறருக்குப் பரவுவதில்லை. ஆனால் அதற்கும் முழுமையான சிகிச்சை தேவை.

மருந்துக் கடையில் இருமல் மருந்தும் நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரையும் வாங்கி உண்டு வாரங்களைக் கடத்துவது ஆபத்தானது. சிலவகை நுண்ணுயிர்க்கொல்லிகள் காசநோய்க் கிருமியைத் தற்காலிகமாக அடக்கி, நோயைக் கண்டறிவதைத் தாமதப்படுத்தக் கூடும். அந்த இடைவெளியில் நோயாளியின் நுரையீரல் மேலும் பழுதடைகிறது. வீட்டில் உள்ளவர்களுக்கும் கிருமி பரவுகிறது.

பரிசோதனைக்குச் சளி கொடுப்பதிலும் கவனம் தேவை. வாயைக் கொப்பளித்த பின், ஆழமாக மூச்சிழுத்து, நெஞ்சிலிருந்து இருமி வெளிவரும் சளியையே கொடுக்க வேண்டும். உமிழ்நீரைக் கொடுத்தால் முடிவு தவறாகலாம். காலையில் எழுந்தவுடன் வரும் சளி சிறந்தது. சிபிநாட், ட்ரூநாட் ஆகிய மூலக்கூறுப் பரிசோதனைகள், கிருமி உள்ளதா என்பதையும், ரிஃபாம்பிசின் என்ற முதன்மை மருந்துக்கு அது கட்டுப்படுமா என்பதையும் சில மணி நேரத்தில் தெரிவிக்கின்றன. எக்ஸ்ரே படத்தை மட்டும் வைத்துச் சிகிச்சை தொடங்கப்பட்டால், சளிப் பரிசோதனை தேவையா என்று குடும்பத்தினர் மருத்துவரிடம் கேட்பது நல்லது.

மருந்துச் சீட்டைப் பற்றி ஏன் கேட்க வேண்டும்?

இக்கேள்விக்குத் தாராவியிலேயே விடை உள்ளது. மும்பையின் தனியார் மருத்துவர்களிடையே நடத்தப்பட்டு 1991-ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்றில், 100 மருத்துவர்கள் காசநோய்க்கு 80 வெவ்வேறு மருந்துமுறைகளை எழுதிக் கொடுத்தது தெரியவந்தது. ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பின், இந்துஜா மருத்துவமனையின் நுரையீரல் மருத்துவர் ஜரீர் உத்வாடியாவும் அவருடைய குழுவினரும் தாராவியில் பணிபுரிந்த தனியார் மருத்துவர்களிடம் மீண்டும் ஆய்வு செய்தனர். 2010-ஆம் ஆண்டு வெளியான அதன் முடிவின்படி, 106 மருத்துவர்கள் 63 வகையான மருந்துமுறைகளை எழுதினர். அவர்களில் 6 பேரின் சீட்டு மட்டுமே சரியாக இருந்தது.

தவறான சேர்க்கையும் குறைந்த அளவும் கிருமிக்கு எதிர்ப்பாற்றலைக் கற்றுக்கொடுக்கின்றன. இதே உத்வாடியா குழு, அன்று பரிசோதிக்கப்பட்ட மருந்துகள் எவற்றுக்கும் கட்டுப்படாத காசநோய் 4 பேரிடம் காணப்பட்டதாக 2011-ஆம் ஆண்டின் இறுதியில் அறிவித்தது. 'முற்றிலும் மருந்து எதிர்ப்புக் காசநோய்' என்ற அந்தச் சொல்லை மத்திய அரசு ஏற்கவில்லை. ஆயினும், அந்த அறிவிப்பு மும்பையின் பக்கம் உலகின் கவனத்தைத் திருப்பியது. காசநோயாளி ஒவ்வொருவரைப் பற்றியும் அரசுக்குத் தெரிவிப்பது தனியார் மருத்துவர்களுக்கும் 2012-ஆம் ஆண்டு மே மாதம் முதல் கட்டாயமாக்கப்பட்டது.

அதன் பிறகு நிலைமை மாறியுள்ளது. 2017 முதல் நோயாளியின் உடல் எடைக்கேற்ப, பல மருந்துகள் ஒன்றாகச் சேர்ந்த மாத்திரை நாள்தோறும் வழங்கப்படுகிறது. மருந்துக்குக் கட்டுப்படும் சாதாரணக் காசநோய்க்குச் சிகிச்சைக் காலம் 6 மாதங்கள். முதல் 2 மாதங்கள் ஐசோனியசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைட், எதாம்புட்டால் ஆகிய நான்கும், அடுத்த 4 மாதங்கள் பைரசினமைட் தவிர்த்த ஏனைய மூன்றும் தரப்படுகின்றன.

எனவே, தனியார் மருத்துவரிடம் செல்வோர் மூன்று கேள்விகளைக் கேட்கலாம். மருந்து எதிர்ப்புப் பரிசோதனை செய்யப்பட்டதா? மருந்தின் அளவு நோயாளியின் எடைக்கு ஏற்றதா? நிக்ஷய் தளத்தில் பெயர் பதிவாகிவிட்டதா? இக்கேள்விகளை மருத்துவர் மீதான அவநம்பிக்கையாகக் கருத வேண்டியதில்லை. அரசு வழங்கும் இலவச மருந்துகளையும் உதவித்தொகையையும் பெறுவதற்குப் பதிவு அவசியம்.

இரண்டாம் மாதத்தில் நேரும் ஆபத்து

சிகிச்சை தொடங்கிய சில வாரங்களில் காய்ச்சல் தணியும், பசி எடுக்கும், இருமல் குறையும். நோயாளி மீண்டும் வேலைக்குச் செல்ல விரும்புவார். நாட்கூலியை நம்பி வாழும் குடும்பத்தில் அந்த விருப்பம் இயல்பானதே. 'உடம்பு தேறிவிட்டது, இனி மாத்திரை எதற்கு?' என்ற எண்ணம் எழுவது இக்கட்டத்தில்தான்.

முதல் 2 மாதங்களில் விரைவாகப் பெருகும் கிருமிகளே பெரும்பாலும் அழிகின்றன. மெதுவாகப் பெருகியும் உறங்கியும் கிடக்கும் கிருமிகளை ஒழிக்கவே எஞ்சிய 4 மாதங்கள் தேவைப்படுகின்றன. இடையில் நிறுத்தினால் அவை மீண்டும் தலைதூக்கும். அப்போது வரும் நோய், முன்பு உண்ட மருந்துக்குக் கட்டுப்படாததாகவும் மாறக் கூடும். மருந்து எதிர்ப்புக் காசநோய்க்கான சிகிச்சை முன்பு பலருக்கு 18 மாதங்களுக்கும் மேல் நீடித்தது. பெடாகுவிலின் உள்ளிட்ட நான்கு மருந்துகள் கொண்ட 6 மாதச் சிகிச்சைமுறைக்கு 2024 செப்டம்பரில் மத்திய அரசு ஒப்புதல் அளித்துள்ளது. எனினும், அது எல்லா நோயாளிகளுக்கும் பொருந்துவதில்லை. பக்கவிளைவுகளைக் கண்காணிப்பதும் இன்றியமையாதது.

ஒரு நாள் மாத்திரை தவறினால், அன்றே நினைவுக்கு வந்தவுடன் உட்கொள்ளலாம். மறுநாள் இரட்டிப்பு அளவு உண்ணக் கூடாது. பல நாள்கள் தவறியிருந்தால், அதை மறைக்காமல் சுகாதாரப் பணியாளரிடம் தெரிவிக்க வேண்டும்.

ஊருக்குச் செல்லும்போது

மும்பைத் தமிழர்களுக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. கோடை விடுமுறை, கோயில் கொடை, திருமணம், துக்கம் எனத் திருநெல்வேலிக்கும் அதைச் சுற்றியுள்ள ஊர்களுக்கும் குடும்பத்துடன் செல்லும்போது மருந்து தடைபடுவது எளிது. பத்து நாள் பயணம் ஒரு மாதமாக நீள்வதும் உண்டு.

புறப்படுவதற்கு முன்பே சிகிச்சை மையத்தில் தெரிவித்தால், பயண நாள்களுக்குத் தேவையான மாத்திரைகளை முன்கூட்டியே பெறலாம். நீண்ட காலம் தங்க நேர்ந்தால், நிக்ஷய் பதிவு எண்ணைக் கொண்டு ஊரிலுள்ள அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ சிகிச்சையை மாற்றிக்கொள்ள முடியும். அந்த எண்ணையும் மருந்து அட்டையையும் கைப்பேசியில் படமெடுத்து வைத்திருப்பது பயன் தரும். ரயில் பயணத்தில் மாத்திரைகளைப் பெட்டியின் அடியில் வைக்காமல் கைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நோயாளியை ஒதுக்க வேண்டுமா?

இந்த ஐயத்துக்குச் சென்னையில் அறுபது ஆண்டுகளுக்கு முன்பே விடை கிடைத்துவிட்டது. காசநோய் என்றால் ஊருக்கு வெளியே சானடோரியத்தில் மாதக்கணக்கில் ஓய்வெடுக்க வேண்டும் என்று உலகம் நம்பிய காலம் அது. தாம்பரம் சானடோரியம் 1928-இல் தொடங்கப்பட்டதும் அந்த நோக்கில்தான். 1956-இல் சென்னை சேத்துப்பட்டில் அமைந்த காசநோய் வேதிச்சிகிச்சை மையம், அந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்த்தது. 193 நோயாளிகளில் ஒரு பகுதியினர் சானடோரியத்திலும், மற்றவர்கள் தம் வீடுகளிலும் ஒரே மருந்தைப் பெற்றனர். வீட்டில் இருந்தோர் நெருக்கடியான குடியிருப்புகளில் வாழ்ந்த ஏழைகள். சானடோரியத்தில் கிடைத்த உணவும் ஓய்வும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. எனினும், இரு தரப்பினரும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமடைந்தனர். 1959-இல் வெளியான அந்த முடிவு, உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சையை வீட்டுக்குக் கொண்டுவந்தது. அந்த மையமே இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

நோயாளியுடன் வீட்டில் வாழ்ந்தவர்களைப் பற்றிய முடிவும் குறிப்பிடத்தக்கது. சானடோரியத்துக்குச் சென்றவர்களின் குடும்பத்தாரைவிட, வீட்டிலேயே சிகிச்சை பெற்றவர்களின் குடும்பத்தார் அதிகமாக நோயுறவில்லை. நோய் கண்டறியப்படுவதற்கு முன்பே பெரும்பாலான பரவல் நிகழ்ந்துவிடுகிறது என்பதும், சரியான மருந்து தொடங்கியபின் பரவும் தன்மை விரைவாகக் குறைகிறது என்பதும் இதற்குக் காரணம்.

ஆகவே, நோயாளிக்குத் தனித் தட்டு, தனித் தம்ளர் வைப்பதால் எப்பயனும் இல்லை. காசநோய் உணவுப் பாத்திரத்தாலோ, துணியாலோ, கைகுலுக்குவதாலோ பரவுவதில்லை. இருமும்போதும் தும்மும்போதும் உரக்கப் பேசும்போதும் காற்றில் கலக்கும் நுண்துளிகளே கிருமியைச் சுமந்து செல்கின்றன. சிகிச்சையின் தொடக்க வாரங்களில் நோயாளி முகக்கவசம் அணிவதும், இருமும்போது வாயைத் துணியால் மூடுவதும், கண்ட இடத்தில் துப்பாமல் மூடியுள்ள பாத்திரத்தில் துப்புவதும் போதிய பாதுகாப்பளிக்கும்.

ஒற்றை அறை வீட்டில் காற்று

தனி அறை ஒதுக்க இயலாத வீடுகளுக்குக் காற்றோட்டமே முக்கியப் பாதுகாப்பு. செம்பூரை அடுத்த எம்-கிழக்கு வார்டில் நட்வர் பாரேக் காம்பவுண்ட், லல்லுபாய் காம்பவுண்ட், பி.எம்.ஜி. காலனி ஆகிய மறுகுடியமர்வுக் குடியிருப்புகளில் 'டாக்டர்ஸ் ஃபார் யூ' அமைப்பின் மருத்துவர்கள் பங்கேற்ற ஆய்வு இதை வலியுறுத்தியது. கட்டடங்கள் நெருக்கமாக நிற்பதால் வெளிச்சமும் காற்றும் குறைவாக நுழையும் வீடுகளில் காசநோயின் சுமை அதிகமாக இருந்தது.

வீட்டின் அமைப்பைக் குடும்பத்தினர் மாற்ற முடியாது. எனினும், சில செயல்கள் அவர்கள் கையில் உள்ளன. பகலில் கதவையும் சன்னலையும் திறந்து வைக்கலாம். சன்னலை அடைத்து நிற்கும் அலமாரியையும் மூட்டைகளையும் அகற்றலாம். நோயாளி சன்னல் அருகிலும், குழந்தைகளும் முதியோரும் எதிர்ப்புறத்திலும் உறங்கலாம். மேசை விசிறியை வைக்கும்போது காற்று அறையிலிருந்து வெளியே செல்லும்படி சன்னலை நோக்கித் திருப்பலாம். தொடக்க வாரங்களில் நோயாளி பகற்பொழுதை வாசலிலோ மாடியிலோ கழிப்பது நல்லது.

உணவும் மருந்தே

காசநோயும் ஊட்டக்குறைவும் ஒன்றையொன்று வளர்ப்பவை. ஜார்க்கண்டின் 4 மாவட்டங்களில் மருத்துவர்கள் அனுராக் பார்கவா, மாதவி பார்கவா ஆகியோரின் தலைமையில் நடந்த 'ரேஷன்ஸ்' ஆய்வு இதற்குத் தெளிவான சான்று. 2,800 நோயாளிகளுக்கும், அவர்களின் குடும்பத்தினர் 10,345 பேருக்கும் அதில் கவனம் செலுத்தப்பட்டது. நோயாளிகள் அனைவருக்கும் உணவுப்பொருள்கள் வழங்கப்பட்டன. குடும்பத்தினரில் ஒரு பிரிவினருக்கு மட்டும் கூடுதலாகத் தரப்பட்டன. 2023-இல் வெளியான முடிவின்படி, கூடுதல் உணவு பெற்ற குடும்பத்தினரிடையே புதிதாகக் காசநோய் தோன்றுவது 39 விழுக்காடு குறைந்தது. பரவக்கூடிய நுரையீரல் காசநோயில் அக்குறைவு 48 விழுக்காடு. முதல் 2 மாதங்களில் நோயாளியின் எடை கூடுவது, இறப்பு அபாயம் குறைவதோடு தொடர்புடையது என்பதும் அதில் வெளிப்பட்டது.

விலையுயர்ந்த சத்துமாவு வாங்க வேண்டியதில்லை. சோறு அல்லது சப்பாத்தியுடன் நாள்தோறும் பருப்பு, சுண்டல், முட்டை, பால், வேர்க்கடலை, மலிவான மீன், கீரை ஆகியவற்றில் இயன்றவை இடம்பெற்றால் போதும். பத்தியம் என்ற பெயரில் முட்டையையும் மீனையும் விலக்குவது தீங்கையே தரும். வீட்டிலுள்ள ஆண்கள் உண்டபின் எஞ்சியதை உண்ணும் பெண் நோயாளிகளிடம் தனிக் கவனம் தேவை.

நிக்ஷய் போஷண் திட்டத்தின்கீழ் 2018 முதல் நோயாளிக்கு மாதம் 500 ரூபாய் வழங்கப்பட்டது. 2024 நவம்பர் முதல் அது 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டுள்ளது. தொகை நேரடியாக வங்கிக் கணக்கில் செலுத்தப்படுவதால், கணக்கு விவரங்களைச் சிகிச்சையின் தொடக்கத்திலேயே அளிக்க வேண்டும். மாதந்தோறும் எடை பார்ப்பதும் கட்டாயம். எடை கூடினால் மருந்தின் அளவையும் மாற்ற நேரலாம்.

பக்கவிளைவுகள்: எது இயல்பு, எது அபாயம்?

சிறுநீரும் வியர்வையும் ஆரஞ்சு அல்லது சிவப்பு நிறமாவது ரிஃபாம்பிசின் மருந்தால் ஏற்படுவது. அதை இரத்தம் என எண்ணி அஞ்ச வேண்டியதில்லை. இலேசான குமட்டல், மூட்டுவலி, தோல் அரிப்பு ஆகியவற்றுக்கு மருத்துவரிடம் தீர்வுண்டு. கை கால்களில் எரிச்சல் அல்லது மரத்துப்போதல் தோன்றினால் பைரிடாக்சின் என்ற உயிர்ச்சத்து மாத்திரை தரப்படும்.

கண்ணும் தோலும் மஞ்சளாதல், விடாத வாந்தி, பார்வை மங்குதல், நிறங்களைப் பிரித்தறிய இயலாமை ஆகியவை தோன்றினால் அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும். அதிக அளவில் இரத்தம் துப்புதல், மூச்சுத்திணறல், எழுந்து நிற்க முடியாத சோர்வு, மனக்குழப்பம், வலிப்பு ஆகியவை உடனடியாக மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய நிலைகள்.

சிகிச்சைக் காலத்தில் மது கல்லீரலைக் கெடுக்கும்; புகைபிடித்தல் குணமடைவதைத் தாமதப்படுத்தும். சர்க்கரை நோய் காசநோயின் அபாயத்தை இரண்டு முதல் மூன்று மடங்காக்குவதால், நோயாளிகள் அனைவரும் இரத்தச் சர்க்கரையும் எச்.ஐ.வி.யும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். ரிஃபாம்பிசின் கருத்தடை மாத்திரையின் செயலைக் குறைப்பதால், பெண்கள் மாற்று வழி குறித்து ஆலோசனை பெறுவது அவசியம். தாய்ப்பாலில் காசநோய் பரவாது. முகக்கவசம் அணிந்து தொடர்ந்து பாலூட்டலாம்.

வீட்டிலுள்ள மற்றவர்கள்

ஒருவருக்கு நுரையீரல் காசநோய் உறுதியானால், வீட்டிலுள்ள அனைவரும் பரிசோதிக்கப்பட வேண்டும். கிருமி தொற்றியவர்களில் 5 முதல் 10 விழுக்காட்டினர் மட்டுமே வாழ்நாளில் நோயாளிகளாகின்றனர். ஆனால், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் அபாயம் மிகுதி. பி.சி.ஜி. தடுப்பூசி குழந்தைகளை மூளைக் காசநோய் போன்ற கடுமையான வகைகளிலிருந்து பெருமளவு காக்கிறது; பெரியவர்களின் நுரையீரல் காசநோயை முழுவதும் தடுப்பதில்லை. குழந்தைக்கு இருமல் இல்லாவிட்டாலும், எடை கூடாமை, சோர்வு, நீடித்த காய்ச்சல் ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும்.

நோய் இல்லை என உறுதியானவர்களுக்குத் தடுப்பு மருந்து தரப்படுகிறது. நாள்தோறும் 6 மாதங்கள் ஐசோனியசிட் உண்பது ஒரு முறை. வாரம் ஒரு வேளை என 3 மாதங்கள் இரு மருந்துகளைச் சேர்த்து உண்பது மற்றொரு முறை. நோயை மறைக்கும் வீடுகள் இந்த வாய்ப்பை இழக்கின்றன. மணமாக வேண்டிய பெண் இருக்கிறாள், அண்டை வீட்டார் என்ன சொல்வார்கள் என்ற அச்சத்தில் பரிசோதனையைத் தள்ளிப்போடும்போது, அதே பெண்ணுக்கும் அவளுடைய தம்பி தங்கைகளுக்கும் நோய் முற்றிய பின்பே தெரியவருகிறது. முழுச் சிகிச்சை பெற்றவர் திருமணம் செய்துகொள்வதற்கும் குழந்தை பெறுவதற்கும் பொதுவாகத் தடையில்லை.

எங்கு செல்வது?

தாராவியில் 'சோட்டா சயான்' என அழைக்கப்படும் நகர்ப்புறச் சுகாதார மையம், மாட்டுங்கா பகுதியினருக்கு அருகிலுள்ள சயான் மருத்துவமனை, செம்பூர் பகுதியினருக்கு கோவண்டி சதாப்தி மருத்துவமனை ஆகியவை மாநகராட்சியின் பொது மருத்துவ நிலையங்கள். மிகவும் நலிந்த நோயாளிகளுக்குச் சிவ்டியில் மாநகராட்சியின் காசநோய் மருத்துவமனை உள்ளது. அரசின் காசநோய் ஒழிப்புத் திட்டத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். ஐயங்களுக்கு 1800-11-6666 என்ற கட்டணமில்லா எண்ணை அழைக்கலாம்.

மாத்திரைகள் தீர்ந்த நாளுடன் பொறுப்பு முடிந்துவிடுவதில்லை. இறுதிச் சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை என உறுதி செய்த பின்னரே சிகிச்சை நிறைவடைந்ததாகக் கொள்ள வேண்டும். அதன்பின் இரண்டு ஆண்டுகள் வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்குச் செல்வது அவசியம். அக்காலத்தில் இருமல் மீண்டும் தோன்றினால், பழைய மருந்துச் சீட்டைக் கடையில் காட்டி மாத்திரை வாங்காமல், முதலில் சளியைப் பரிசோதிக்க வேண்டும் என்பதே வல்லுநர்களின் அறிவுரை.